வலப்பக்கத்து வெடி

உதியன்குளங்கரை
16.06.2024

அன்புள்ள மக்கா ஜித்தினுக்கு,

அக்கா ரத்னபாய் எழுதுவது. நான் சுகம். முட்டுவலி மட்டும் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. கரண்ட் வேலைக்காரன் ரெத்தினதாஸ் வந்து தையல் கடைச் சுவரில் மாட்டி, ஒயரைச் சொருகினான். வெறும் வெள்ளைப் பலகையாகக் கிடந்தது. "அக்கா, இதுக்க உள்ள ஒண்ணும் இல்ல. ஜித்தின நல்லா பற்றிச்சிட்டானுவ" என்றான். உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்கும் பட்டது. சரி, போகட்டும் என்று மெஷினில் உட்கார்ந்து மிதித்தேன். படத்தின் இடது பக்கத்தில் நீலமாகப் பொடித் தையல் ஓடியது! நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. ரெத்தினதாஸ் பயந்துபோய்க் கூலி வாங்காமலே இறங்கிவிட்டான்.

இடப்பக்கம் என் அறைச் சத்தத்தைக் கேட்டு வரையும், வலப்பக்கம் கனடாவில் உன் அறைச் சத்தத்தைக் கேட்டு வரையும், இரண்டு வீட்டிலும் ஒரே படம் தெரியும் என்று எழுதியிருந்தாய். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று மீன்காரன் அயலைக்கு ஒரு விலை சொன்னான், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னேன். இடப்பக்கத்தில் மண்நிறத்தில் ஒரு கட்டி முளைத்துவிட்டது. இன்னும் கரையவில்லை. என் வாயை ஹாலிஃபாக்ஸில் இருந்து நீ பார்த்திருப்பாய். வெட்கமாகப் போயிற்று.

ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு இருக்கிற படம் நாளைக்கு இல்லையென்றால் நீ என்னத்தையடா விலைகொடுத்து வாங்கினாய்? இதுபோலப் பதினொன்று சேர்த்துவைத்திருக்கிறாயாம். புத்தி உண்டா உனக்கு?

காரியத்துக்கு வருகிறேன். காரக்கோணத்தில் சோனா என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள். நம்ம சபைதான். உன் போட்டோவைக் கொடுத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ "பாப்போம் அக்கா" என்று வைத்துவிடுகிறாய், நான் கத்துகிறேன். இப்படி மெயிலில் எழுதினால் இரண்டு பேருமே கொஞ்சம் அடங்குவோம். எழுத்தில் பதில் சொல்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
ரத்னபாய்


ஹாலிஃபாக்ஸ்
23.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மண்நிறக் கட்டியைப் பார்த்தேன். மீன்காரன் உயிரோடு இருக்கிறானா?

மாறாத படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் அக்கா, பிறகு சுவரில் இருப்பதே மறந்துபோகும். இதை அப்படி விட முடியாது. இதைச் செய்தது போர்ச்சுக்கலில் ஒரு பெண். எப்படி வளர வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு விதியை மட்டும் எழுதிவைத்திருக்கிறாள். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பயப்படாதே, நாம் பேசுவதை அது சேமித்துவைக்காது. சத்தத்தை உருவமாக்கிவிட்டு விட்டுவிடும்.

ஒரே ஒரு காரியம். ஒயரை மட்டும் பிடுங்கிவிடாதே. ஏதாவது ஒரு பக்கம் ஒரு மாதம் எதையுமே கேட்காமல் இருந்தால், படம் இரண்டு பக்கமும் அப்படியே நின்றுவிடும். அவள் வைத்த விதி அது. பிறகு யார் நினைத்தாலும் அசையாது. என்னிடம் இருக்கும் பதினொன்றில் எனக்கு உயிர் இதுதான். உன் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தூங்கப்போகிறேன்.

சோனா விஷயத்தில் அவசரப்பட்டு வாக்கு எதுவும் கொடுக்காதே அக்கா. முட்டுக்குத் தைலம் போடு.

உன் தம்பி,
ஜித்தின்


உதியன்குளங்கரை
10.11.2024

அன்புள்ள மக்காவுக்கு,

ஆலயம் விட்டு வந்து எழுதுகிறேன். உன்னைத் திட்டிய வாயால் சொல்கிறேன், இந்தப் படம் இல்லாமல் இப்போது எனக்குக் கடையில் கை ஓடவில்லை. ஞாயிறுதோறும் போனில் அதை ஒரு போட்டோ எடுத்துவைக்கிறேன். நானும் சேகரிக்க ஆரம்பித்துவிட்டேன் போல. கவுனுக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் எல்லாம் அதன் முன்னால் கைதட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனால் எனக்கு ஒரு சம்சயம். முன்பெல்லாம் உன் பக்கம் சாம்பல் நிறத்தில் நீளநீளமாக, வாயில்லாத பிள்ளைபோல இருக்கும். போன மாதத்திலிருந்து காலை பதினொரு மணிக்கு மஞ்சளாக மூன்று கோடு மேலே சீறிப் போகிறது. என் கடையில் குக்கர் விசில் அடித்தாலும் இதே கோடுதான். அங்கே அப்போது நடுச்சாமம் அல்லவா? அந்த நேரத்தில் எவன் பருப்பு வேகவைக்கிறான்? வியாழன் சாயங்காலம் இங்கே நல்ல இடி. இரண்டு பக்கமும் கருத்துப்போயிற்று.

வீடியோவில் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. முகம் மறந்துவிடும் எனக்கு. கிறிஸ்துமஸுக்கு வருவாயா? சோனா வீட்டார் கேட்கிறார்கள்.

அக்கா,
ரத்னபாய்


ஹாலிஃபாக்ஸ்
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எனக்கு இப்போது இரவு வேலை. வந்துதான் சமைக்கிறேன், அதுதான் குக்கர். இடியும் இங்கே உண்டு. கடலோர ஊர் அல்லவா? இப்போது வாசலில் முழங்கால் அளவு பனி. இந்த வருடம் வர முடியாது. கோபப்படாதே.

உன் கடைக்கு முன்னால் பைப் போட ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பார்த்து நட. குழிக்கு மேல் போட்ட பலகை ஆடுகிறது.

உன் தம்பி,
ஜித்தின்


உதியன்குளங்கரை
09.02.2025

ஜித்தின்,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நேற்றுக் காலை கடையில் ஒரு கல்யாணக் கவுனுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அமரவிளைக் கோயிலில் வெடிவழிபாடு தொடங்கிற்று. காற்று இந்தப் பக்கம் அடித்தால் எனக்கும் கேட்கும், உனக்குத் தெரியும். கேட்டால் என் பக்கத்தில் மிளகு அளவு சிவப்புப் புள்ளி விழும். நேற்றும் விழுந்தது. ஆனால் அதற்கு முன்னால் உன் பக்கத்தில் ஒன்று விழுந்தது. தோசை அளவு. அங்கே ஒன்று, கொஞ்சம் பொறுத்து இங்கே ஒன்று. அங்கே நின்றால் இங்கேயும் நின்றது. நான் கத்தரியும் கையுமாக நிற்கிறேன். கனடாவில் எந்தச் சாமிக்கு எவன் வெடி வைக்கிறான்?

பித்தான் தைக்க ஒரு பெண் வந்திருக்கிறாள், பிரசீதா, அமரவிளைக்காரி. நான் வாயைத் திறக்கும் முன்னே அவளாகச் சொன்னாள். "அது எங்க பொன்னையன் சாருக்க பேத்திக்கு இருபத்தெட்டாம் நாள் சடங்கு, அக்கா. நூற்றொண்ணு வெடி நேர்ச்சையாக்கும். மக அமிர்தா கனடாவுல ஜோலி. மொத பிரசவம்லா, தாய்வீட்டுக்கு வந்திருக்கு. மாப்பிள ஒங்க சபை ஆளாக்கும். பேரு ஜித்தினோ என்னமோ."

உன்னை நான் கடையில் தம்பி என்றுதான் சொல்வேன். அவளுக்கு உன் பெயர் தெரியாது. அவள் பாட்டுக்கு அடுத்த பித்தானை எடுத்தாள். நான் வெட்டிய துணியைப் பார்த்தேன். கை வைக்கும் இடத்தில் குறுக்கே போயிருந்தது கத்தரி. 

பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பனி முழங்கால் அளவு என்றாயே! என் வாசலில் பைப்புக்கு வெட்டினார்கள் என்று நான் உனக்கு எழுதவே இல்லை. பலகை ஆடுவது உனக்கு எப்படித் தெரியும்? என் கண்முன்னாலா நடந்தாய்? ஜனவரியிலிருந்து உன் பக்கத்தில் கொக்கி கொக்கியாக விழுகிறதே என்று போனில் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை என்றாய். பெற்ற பிள்ளையைப் பூனை என்றாயே, பாவி.

கிறிஸ்துமஸுக்கு சோனா வீட்டார் கேக் கொண்டுவந்தார்கள். மே மாதம் வருவான் என்று என் வாயால் சொன்னேன். இனி ஆலயத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்? அந்தப் பெண் இந்து என்பது எனக்குக் காரியமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காரியம்தான். ஆனால் இப்போது நெஞ்சை அடைப்பது அது இல்லை. நாலு மாதமாக, பஸ்ஸில் ஏறினால் கால்மணி நேரம் இல்லாத தூரத்தில் இருந்துகொண்டு ஒளிந்தாயே. என்னைப் பார்த்து ஒளிய நான் என்ன பேயா, பிசாசா?

படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஒயரையும் சுருட்டிவிட்டேன்.

ரத்னபாய்


அமரவிளை
10.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை ஊர்ப் பெயரை உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

போன வருடம் மார்ச்சில் அங்கே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டோம். சொல்லத்தான் படத்தை அனுப்பினேன். படம் வந்த சந்தோஷத்தில் நீ இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று. நீ சோனாவைப் பற்றி எழுதினாய். அங்கே தொடங்கியது என் பொய். பிறகு ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பொய். மெயிலில் தபால் முத்திரை விழாது என்ற தைரியம் வேறு.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அமிர்தாவின் அம்மா ஓமனா பிடிவாதம். லீவு போட்டு நானும் வந்தேன். படத்தை அங்கே விட்டால் ஒரு மாதத்தில் நின்றுபோகும். ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்துவந்தேன். அதைக் காப்பாற்றப்போய் அதனிடமே பிடிபட்டேன்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு எத்தனையோ தடவை உன் கடைக்கு முன்னால் போயிருக்கிறேன் அக்கா. ஒருநாள் வண்டியை நிறுத்தி, பலகையில் ஏறி, உன் படி வரைக்கும் வந்தேன். நீ உள்ளே யாரையோ பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாய். திரும்பிவிட்டேன். "அக்காவ விளிச்சியா மோனே?" என்று ஓமனா அம்மை தினமும் கேட்பார்கள். விளித்தேன், நாளைக்கு வருவாள் என்பேன். அவர்களிடமும் பொய். பயம்தான் அக்கா. வேறு ஒன்றும் இல்லை.

வெடி நேர்ச்சை மாமாவுடையது. எனக்குத் தெரியும் முன்னே தொடங்கிவிட்டது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக் காதைப் பொத்தியபடி சுவரைப் பார்த்தேன். என் பக்கம் பெரிதாக விழுந்து, பின்னாலேயே உன் பக்கம் சின்னதாக விழுந்தது. உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை எட்டும் தூரத்தில்தான் ஒயர். நான் பிடுங்கவில்லை.

ஜித்தின்


அமரவிளை
03.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தேன். அக்கா இல்லை என்றாள் பிரசீதா. வாசலில் உன் செருப்பு கிடந்தது. சரி என்று வந்துவிட்டேன்.

உன் பக்கம் வெளுத்தே கிடக்கிறது. அடுத்த ஞாயிறோடு ஒரு மாதம் ஆகிறது. பிறகு அது நின்றுவிடும். கடைசியாக உன் பக்கத்தில் இருப்பது கதவை அறைந்து சாத்திய கறுப்பு ஒன்றுதான். ஒயரைப் பிடுங்கும் முன்னே நீ சாத்திய கடைக் கதவு என்று நினைக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்? மாதக் கடைசியில் நாங்கள் திரும்பிப் போகிறோம்.

திட்டவாவது திட்டு அக்கா.

ஜித்தின்


உதியன்குளங்கரை
08.03.2025

ஜித்தினுக்கு,

உனக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். சோனாவின் வீட்டுக்குப் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன். அவளுடைய அம்மா தண்ணீர்கூடத் தரவில்லை. சோனா மட்டும் வாசல் வரை வந்து, "எனக்கும் மனசில்லாமத்தான் இருந்து அக்கா, நீங்க சங்கடப்படாதீங்க" என்றாள். இந்த வீடுகளில் எந்தப் பிள்ளைதான் வாயைத் திறந்து சொல்லும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இன்றைக்கு அலமாரியைத் திறந்து படத்தை எடுத்தேன். செத்துவிட்டதா என்று பார்க்கத்தான், வேறு எண்ணம் இல்லை. ஒயரைச் சொருகினேன். என் பக்கம் வெளுத்து, நீ சொன்ன கறுப்பு மட்டும் ஓரத்தில். உன் பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கொக்கி எல்லாம் பெரிதாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, இடமே இல்லை. நான் பார்க்காத நேரத்தில் அவள் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறாள். நடுவில் புதிதாக ஒன்று, இளஞ்சிவப்பில் குமிழ்போல. இதுவரை எந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டோவிலும் அது இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். சிரிக்கத் தொடங்கிவிட்டாளா?

"எலே, துரோகி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். உன்னைத்தான். சொன்னதும் என் பக்கத்தில் மண்நிறத்தில் ஒரு கட்டி முளைத்தது, மீன்காரனுக்கு முளைத்ததைவிடப் பெரிது. நீயும் பார்த்திருப்பாய். திட்டு என்று கேட்டாய், கிடைத்துவிட்டது. உன் படம் பிழைத்துக்கொண்டது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பனிக்கு நீ நேரில் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறேன். வெள்ளையில்தான் முதலில் வெட்டினேன். வெள்ளை என்றால் ஞானஸ்நானத்துக்கு என்று நீயும் அந்தப் பெண்ணும் பயப்படுவீர்கள். அதனால் அதை மடித்து வைத்துவிட்டு மஞ்சளில் தைத்தேன். அளவு தெரியாது. அவள் அழும் கொக்கியைப் பார்த்தால் நல்ல கனம் என்று தோன்றுகிறது, இரண்டு விரல் கூட்டியே வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கடை அடைப்பு. நான் வீட்டில்தான் இருப்பேன். அமிர்தாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வா. ரோட்டை மூடிவிட்டார்கள், பலகை இல்லை. ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டு வா.

அக்கா,
ரத்னபாய்