பாதிக்கு மேல் ஒன்று

அன்பு மகன் லுத்ஃபிக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கருணையால் இந்த வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் வாப்பாவுக்கு மட்டும் இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் உப்பு இல்லை, உன் அக்கா வஸீலா. நீயும் மருமகளும் பிள்ளைகளும் மொன்ட்ரியால் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரீமுக்கு முன்பல் விழுந்த படம் பார்த்தேன், சிரிக்கும்போது அப்படியே உன் சின்ன வயசு முகம். நேற்று நீ போனில் கூப்பிட்டபோது வீடு நிறைய ஆட்கள், நான் பாதியைத்தான் சொன்னேன், அதையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய உன் தாத்தாவைத்தான் கேட்க வேண்டும்.

உன் அக்கா நம் வட்டார வக்கீல் சங்கத்துக்குத் தலைவி ஆகிவிட்டாள். இரண்டு முறை நின்று தோற்றது உனக்குத் தெரியும், முதல் முறை ஒன்பது ஓட்டில், மூன்று வருஷத்துக்கு முன் நாலே ஓட்டில். இந்தத் தடவை பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்றே சொல்லிவிட்டாள், உம்மா இதோட சரி, இதுலயும் தோத்தா நான் இனிமே கேஸை மட்டும் பார்த்துக்கிட்டு கிடப்பேன்னு. உள்நாட்டு ஊர்களிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வரும் இளசு வக்கீல்கள் கோர்ட்டு வராந்தாவில் நின்றபடியே ரொட்டி தின்கிறார்கள், அவர்களுக்கு உட்கார ஓர் அறை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, இதைத்தான் ஒவ்வொரு ஆபீஸாகப் படியேறிச் சொல்லிக்கொண்டு போனாள். எதிரில் நின்றது உஸ்தாத் ஷெத்லி, கோர்ட்டில் நாற்பது வருஷமாக உஸ்தாத் என்று கூப்பிடப்படும் வக்கீல், ஊருக்கு வெளியே பெரிய ஒலிவத் தோட்டம் வைத்திருக்கிறாரே அவர்தான். மூன்றாவதாக ஸுஹைர் என்ற ஒரு சின்னவனும் நின்றான். கோர்ட்டு எதிர் காபிக்கடையில் ஷெத்லியின் ஆட்கள் பேசியது என் காதிலேயே விழுந்தது, பொம்பளைக்கு அந்த நாற்காலி எதுக்குப்பா, கூட்டத்துல காபி ஊத்தவா என்றான் ஒருத்தன். நான் என் காபியை அவன் மேசையில் வைத்துவிட்டு, ஆறிப்போச்சு, நீயே குடி தம்பி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வஸீலாவிடம் இதைச் சொல்லவில்லை.

தேர்தல் அன்று காலையிலேயே போய்விட்டேன். வாப்பா வரமாட்டேன் என்று ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் முட்டை வைத்து மடித்த ப்ரிக் பொரித்து, ஆரஞ்சு உரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன், வஸீலா ஒரு வாய்கூடத் தின்னவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு எண்ணி முடித்தார்கள். தேர்தல் நடத்தும் பெரியவர் உஸ்தாத் தய்யிப் தாளைப் பிரித்து வாசித்தார், ஷெத்லிக்கு நூற்று நாற்பத்தொன்பது, வஸீலாவுக்கு நூற்று இருபத்தொன்று, ஸுஹைருக்கு முப்பத்துநாலு.  தய்யிப் இன்னும் வாசித்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் வஸீலாவின் நூற்று இருபத்தொன்று என்ற சொல் விழுந்ததுமே அந்தப் பக்கத்துப் பெண்கள் குலவையிட, ஆண்கள் ஷெத்லியைத் தோளில் தூக்க, அங்கிகள் பறக்க எல்லோரும் வாசலுக்கு ஓடிவிட்டார்கள், வரிசையாகக் கார் ஹாரன். ஜெயித்தவர் ஊர் வக்கீல்களுக்கு விருந்து வைப்பது வழக்கம்தானே, அவர் முந்தின நாளே தோட்டத்தில் ஆறு ஆட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாராம்.

கூடத்தில் மிச்சம் இருந்தவர்களுக்குப் பெரியவர் மறுபடி வாசித்தார், மொத்தம் விழுந்தது முந்நூற்று நாலு, ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஒன்று வேண்டும், அது நூற்று ஐம்பத்துமூன்று, யாருக்கும் இல்லை, ஆகையால் முதல் இரண்டு பேருக்கும் மூன்று மணிக்கு மறு ஓட்டு, நாலு மணிக்குக் கதவு சாத்தப்படும் என்று. விஷயம் என்னவென்றால் மகனே, பன்னிரண்டு வருஷமாக இந்தச் சங்கத்தில் இரண்டே பேர்தான் நிற்பார்கள், கூட வாங்கியவன் ஜெயித்தவன், அவ்வளவுதான் இவர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் நின்றால் என்ன ஆகும் என்று சங்கச் சட்டத்தில் இருப்பதை அத்தனை கறுப்பு அங்கிகளில் ஒன்றுகூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

வஸீலாவின் கூட்டாளிகளுக்கு முகமெல்லாம் பல். வாயைத் திறக்காதே வஸீலா, அவங்க நல்லா சாப்பிடட்டும், சாப்பிட்டுட்டு நல்லா தூங்கட்டும் என்றார்கள். நானும், மறைக்க மாட்டேன், அவள் தொடையில் கிள்ளி, சும்மா இருடி, அல்லாஹ் கொடுக்கிறதை ஏன் தட்டி விடுறே என்று காதுக்குள் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, உம்மா நாளைக்கு இதே கோர்ட்டுல அவங்க முகத்துல நான் முழிக்கணும், அவங்களுக்கும் நான்தானே தலைவி ஆகணும் என்றாள். ஷெத்லிக்கு நாலு முறை போன் போட்டாள், மேளச் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. பிறகு தன்னோடு வேலை செய்யும் ஹயாத்தைக் காரில் அனுப்பினாள், மறு ஓட்டு இருக்கு, மூணு மணிக்கு வாங்கன்னு நேரா அவர்கிட்டயே சொல்லிட்டு வா என்று. எனக்கு வந்த கோபத்தில் உரித்து வைத்த ஆரஞ்சு முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

ஹயாத் போய்ச் சொன்னபோது அங்கே சிரித்த சிரிப்பைக் கேட்டால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். வஸீலா அனுப்பின ஆளா, வா பொண்ணே, தோத்தவங்களுக்கும் ஒரு தட்டு வச்சிருக்கோம், உட்கார் என்றானாம் ஒருவன். ஷெத்லி எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே, நாப்பது வருஷமா சட்டம் பேசுறவனுக்கு நீ சட்டம் சொல்ல வந்தியா, என் ஆட்டைப் பார்த்தா உங்களுக்கு வயிறு எரியுது என்றாராம். ஹயாத்தும் லேசுப்பட்டவள் இல்லை, ஆடு நல்லா வெந்திருக்கு உஸ்தாத், சட்டம்தான் வேகலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மூன்றேகால் மணிக்கு மேல் யாரோ ஒருவனுக்கு ஹயாத் சொன்னதை நினைத்துச் சந்தேகம் தட்டி போனில் சங்கச் சட்டத்தைத் தேடிப் படித்திருக்கிறான். படித்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், ஆனால் அந்தத் தோட்டத்துக்கு ஒரே ஒரு மண் பாதை, அதில் ஒன்றின் வாலில் ஒன்றாக நூறு கார், கடைசியில் வந்தவன் வண்டியை எடுத்தால்தான் முதலில் வந்தவன் வெளியே வர முடியும், கடைசியில் வந்தவனோ மரத்தடியில் குறட்டை விடுகிறானாம்.

அவனை உலுக்கி எழுப்பி வண்டியை எடுக்கவைத்து மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தார்கள், கையில் ஆட்டுக் கொழுப்பு, தாடியில் கூஸ்கூஸ் பருக்கை.  ஷெத்லியின் பக்கத்தில் எப்போதும் நடக்கும் ஒரு வயசாளி வக்கீல் மட்டும் ஓட்டைப் போட்டுவிட்டு என் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது குனிந்து, ஹாஜியம்மா மஹ்பூபா, உன் மகள் ஆள் அனுப்பாம இருந்திருந்தா எனக்கு ஷெத்லியோட ஆடு மட்டும்தான் மிஞ்சியிருக்கும், ஓட்டு போயிருக்கும், இப்ப ஆடு ஷெத்லியோடது, ஓட்டு உன் மகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.  எண்ணினார்கள். வஸீலாவுக்கு நூற்று ஐம்பத்தெட்டு, ஷெத்லிக்கு நூற்று முப்பத்தொன்று. நான் இட்ட குலவையில் தய்யிப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், பார்க்கட்டுமே.

இப்போதே சில பேர் வஸீலாவை ஆடு ஜெயிக்க வைத்தது என்று காபிக்கடையில் ஆரம்பித்துவிட்டார்களாம். உன் கூட்டாளிகள் யாராவது அப்படிப் பேசினால் இந்தக் கணக்கைச் சொல். காலையில் முந்நூற்று நாலு, மாலையில் இருநூற்று எண்பத்தொன்பது, வராதவர்கள் பதினைந்து பேர். பதினைந்து பேரும் வந்து ஷெத்லிக்கே போட்டிருந்தாலும் நூற்று நாற்பத்தாறுதான். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு, இதற்கு அங்கி தேவையில்லை. ஸுஹைரின் ஓட்டு முப்பத்துநாலும் வஸீலாவுக்கே வந்ததென்று வைத்தால்கூட நூற்று ஐம்பத்தைந்துதானே ஆகிறது, மிச்சம் மூன்று அந்த விருந்திலிருந்தே எழுந்து வந்த ஓட்டு. ஷெத்லியும் மோசமில்லை, எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து, மகளே, உன்னைக் காபி ஊத்தச் சொன்ன என் ஆட்களுக்கு இனிமே நான் காபி ஊத்துறேன் என்றார். திங்கட்கிழமை அவள் முதல் கையெழுத்தே அந்த இளசுகளின் அறைக்குத்தான் போட்டாள். வாப்பா ரேடியோவை அணைத்துவிட்டுத் தெருத் தெருவாக மக்ரூத் இனிப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார், தானும் நாலு தின்கிறார், அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்.

நீ பனியில் தேய்ந்த டயரோடு வண்டி ஓட்டாதே. ஒலிவ எண்ணெய் டின் ஒன்றை அங்கே வரும் பக்கத்து வீட்டு மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், அதை ஃப்ரிட்ஜில் வைத்து உறைய விடாதே என்று மருமகளிடம் சொல். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு போன் போடு, முதலில் தலைவரே என்று கூப்பிட்டுவிட்டுப் பிறகு அக்கா என்று சொல், வெளியே திட்டுவாள், உள்ளுக்குள் பிடிக்கும். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், கை நிறைய வேலையும், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத மனசும் அல்லாஹ் தரட்டும். ரீமின் நெற்றியில் என் முத்தம். ஒன்று மட்டும் உன்னோடு இருக்கட்டும், நான் பெற்ற பிள்ளை என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு இத்தனை சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவளிடம் சொல்லாதே, இனி எதையுமே கேட்கமாட்டாள்.

உன்னைப் பெற்றவள்,
மஹ்பூபா
(இப்போது தலைவியின் உம்மா)