மடி குடியிருக்கும் வேன்

நாகஜோதிக்கு,

உன் வீட்டுக்காரர் நேற்று திருவாதவூர் கண்மாய்க்கரைக்கு என்னைத் தேடி வந்தார். வேனுக்குள் ஏறவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியிலேயே நின்றார். "மச்சான், பாப்பா காதுகுத்துக்கு வந்துருங்க. வேனை மட்டும் மண்டபத்துப் பக்கம் கொண்டாந்துராதீங்க. எங்க ஆபீஸ் ஆளுக எல்லாம் வாராக" என்றார். நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார், பாவம்.

நாறத்தான் செய்யும். நான் இருந்த நம் அப்பாவின் திருநகர் வீட்டுக்கு நீ புதுப்பூட்டுப் போட்ட நாளிலிருந்து இதற்குள்தான் படுக்கிறேன். கண்ணாடியை ஏற்றினால் வேர்வையில் மெத்தை நனைகிறது, இறக்கினால் கொசு ஆளையே தூக்குகிறது. காலையிலேயே தகரம் தோசைக்கல்லாகக் காய்கிறது. சட்டையெல்லாம் பூஞ்சை.

முதலில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். "ஏண்ணே, ஒங்களுக்குன்னு யாருமே இல்லையா?" என்று ஒரு வாட்ச்மேன் கேட்டான். தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறாய். போடாவிட்டால் ஊர் கேட்குமே!

வருகிறேன். மண்டபத்து வாசலிலேயே வேனை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். இறங்க மாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆசாரியையும் கூட்டிக்கொண்டு நீதான் வர வேண்டும். காது குத்த என் மடி வேண்டுமல்லவா? அது இப்போது இங்கேதான் குடியிருக்கிறது.

பிள்ளைக்கு வேர்க்குமென்று ஒரு விசிறி வாங்கி வைத்திருக்கிறேன். நீ வெயிலில் நில்.

உன் அண்ணன்