ரத்மலானையிலிருந்து திருச்சி

அக்கா,

இன்று ஹட்டனில் கடைக்கார நானா செத்தல் மிளகாய் சுற்றிக் கொடுத்த தாள் ஒரு பழைய விமான நேர அட்டவணை. வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் பார்த்தேன். ரத்மலானை, திருச்சி, ஏறத்தாழ இருநூற்றெண்பது மைல். மிளகாயைத் தகரத்தில் கொட்டிவிட்டு, நெடியில் கண் எரிய எரிய அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டிருந்தேன்.

திருச்சி மாப்பிள்ளையோடு உன் கல்யாணம் நிச்சயமான வாரம் நாமும் இதைத்தான் அளந்தோம். பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகத்தை நான் நம் லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். தையல் நூலின் ஒரு நுனியை நீ, கொழும்புக்குப் பக்கத்தில் விமானம் ஏறும் ரத்மலானையில் அழுத்திப் பிடித்தாய். மறு நுனியை நான் திருச்சிக்கு இழுத்தேன். மைலாக்கி, விமானத்தின் வேகத்தால் வகுத்தால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உனக்குப் பஸ் ஏறினாலே வாந்தி.

"இம்புட்டுத்தானா? பொகவந்தலாவையிலருந்து ஹட்டனுக்கு நான் வாந்தி எடுத்துக்கிட்டே போற நேரம்தான்டி. எனக்கு ஒன்னுன்னா பிளேன் ஏறி வந்துரு."

தேயிலைக் கொழுந்துக் கூடையையும் ஏற்றுவார்களா என்று கேட்டுச் சொல்லும்படி அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். மூவரும் சிரித்தோம். நீ ரயிலிலும் கப்பலிலுமாகத்தான் போனாய்.

பிரசவத்தில் நீ ஆபத்தான நிலையில் இருப்பதாக மச்சானின் தந்தி வந்ததும், அம்மா வளையல்களைக் கழற்றித் தந்தாள். மறுநாள் காலை கொழும்பில் இருந்தேன். விமான டிக்கெட் கொடுப்பவர் அடுத்த நாளே இடம் இருப்பதாகச் சொன்னார். பிறகு பாஸ்போர்ட் கேட்டார். இல்லை என்றதும் பாஸ்போர்ட் கொடுக்கும் கந்தோருக்கு வழி காட்டினார்.

அங்கே ஒரு தமிழ்க் கிளாக்கர் பொறுமையாகத்தான் கேட்டார். நான் இங்கேயே பிறந்தவள் என்றேன். எங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை என்றும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"போறதுக்கு ஒரு தாள் எழுதித் தரலாம் தங்கச்சி. திரும்பி வாறதுக்குத் தர ஏலாது."

மூன்று நாள் போதும் என்று கெஞ்சினேன். மூன்று நாளும் முப்பது வருஷமும் அந்தத் தாளுக்கு ஒன்றுதான் என்றார். அப்பா செத்துப்போன பிறகு அம்மாவுக்கு என்னைத் தவிர யார்? அங்கிருந்த மர வாங்கில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஹட்டனுக்கு ரயில் ஏறினேன்.

வர முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது, அக்கா. அந்தத் தாள் வேண்டாம் என்று எழுந்து வந்தவள் நான்தான்.

லயத்துக்கு வந்து சேரும்போது இரண்டாவது தந்தி எனக்கு முன்பே வந்திருந்தது. நீயும் இல்லை, குழந்தையும் இல்லை.  அம்மாவிடம் வளையல்களைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அவற்றை இன்றுவரை போட்டுக்கொள்ளவில்லை. விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

நம் நூல் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே கிடக்கிறது. மிளகாய்த் தாளையும் அதற்குள் வைத்துவிட்டேன். ஆனால் நான் சுமப்பது அவற்றையல்ல. ஒவ்வொரு முறையும் பஸ் பொகவந்தலாவையை விட்டு நகரும்போது, நான் மனசுக்குள் ரத்மலானையிலிருந்து விமானத்தில் எழும்புகிறேன். பஸ் நோர்வூட்டில் நிற்கும்போது கீழே மன்னார் வந்துவிடும். டிக்கோயாவுக்குள் கடல் முடிந்துவிடும். ஹட்டனில் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி எல்லோரையும் இறங்கச் சொல்வார். கடைசியாக இறங்குகிறேன். நேரம் மட்டும் நாம் போட்ட கணக்குப்படியே இருக்கிறது.