திரைக்குப் பின் பாடியவளைக் குறித்து அளத்தூரிலிருந்து போந்த ஓலை

இந்தப் பெண்ணிடம் இனி எதையும் கேட்கக் கூடாது. கேட்டதெல்லாம் போதும். பாடு என்று ஒரு நாடே கேட்டது. இன்னொன்று பாடு என்று கேட்டது. முகம் காட்ட முடியாதென்றால் திரைக்குப் பின்னால் நின்றாவது பாடு என்று கேட்டது. இப்போது, அன்று பாடியது நீதானா என்று கேட்க ஆள் அனுப்பியிருக்கிறது.

எழுத்தாணி ஏட்டைத் தொட்டபோது ஓலைநாயகம் பூதி அரிஞ்சிகையின் மனத்தில் நின்றது இதுவே. எழுதுபவர் எந்த மனத்தோடு எழுதினார் என்பதை வாசிப்பவர் முதலில் அறிய வேண்டும், வாழ்த்து அதன் பிறகே வர வேண்டும் என்பது கழிவளநாட்டின் ஓலைமுறை. ஆதலால் அது மறைக்கப்படவில்லை. இனி வாழ்த்து.

மங்கலம் பெருகுக. கடல் தன் கரையைக் கடவாதிருக்க, கழியில் மீனும் அளத்தில் உப்பும் குன்றாதிருக்க, தோணி செலுத்துவோனும் தேர் செலுத்துவோனும் ஒரே கோலின் கீழ் அஞ்சாது செல்ல, புன்னைமாநகரில் வீற்றிருந்து ஆளும் கழிவளநாடுடைய ஆடகப் பெருவேள் திருமுன்புக்கு, அவர் ஓலைத்தொழில் நாயகமாகிய பூதி அரிஞ்சிகை அளத்தூர் உப்பளக் கரையிலிருந்து தலைவணங்கி எழுதும் ஓலை. தேவரீரும், தேவரீரின் மகளாராகிய புதுமணம் பூண்ட இளையபிராட்டியாரும், அவர் புகுந்த நாடும் நலமுற்றிருக்க.

தேவரீர் அருளிய ஆணை இவ்வாறு இருந்தது. நாடறிகுரல் என்னும் பட்டம் பெற்ற பாடகி மழலைச்சிலம்பு, இளையபிராட்டியாரின் மணப்பந்தலில் திரைக்குப் பின்னே தன் தங்கையைப் பாடவைத்து அவையை ஏமாற்றினாள் என்று ஊர் சொல்கிறது. பந்தலில் கூடியிருந்தவர்கள் மண் அள்ளி வீசி, அவள் பல்லக்கையும் எரித்தார்கள். பட்டம் பறிக்கப்பட்டது. பட்டம் பெற்றவர் வரலாறு துறைமுக மண்டபத்துக் கல்லில் ஏறுவதும், பட்டம் நீங்கினால் ஏன் நீங்கியது என்பது அதே கல்லில் ஏறுவதும் வழக்கு. ஆகவே அரிஞ்சிகை அவளைத் தேடிச் சென்று, மீண்டும் அவைக்கு வந்து முகம் காட்டிப் பாடித் தன் குரலை மெய்ப்பிக்கும்படி சொல்ல வேண்டும்; அவள் இசையாவிட்டால், "பிறர் குரலைத் தன் குரலென்று காட்டி ஏமாற்றியவள்" என்ற வரியை எழுதித் தன் எழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

ஆணையைத் தலைமேற்கொண்ட அரிஞ்சிகை, முதலில் அளத்தூருக்குப் புறப்படவில்லை. ஒருத்தியைப் பற்றி ஊரெல்லாம் பேசும்போது அவளிடம் கடைசியாகப் போவதே நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. மாநகரிலேயே விசாரிக்கத் தொடங்கினாள்.

மழலைச்சிலம்பு உப்பளத்தில் பிறந்தவள், மீன் சந்தையில் பாடத் தொடங்கியவள் என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. அவளுக்கு மூன்று கணவர் என்றார்கள். விசாரித்ததில் ஒருவன்தான், கடலுக்குப் போனவன், அவன் படகு மட்டும் திரும்பியது. பகை நாட்டு அரசனின் வெற்றி விழாவில் பாடிப் பொற்கிழி வாங்கினாள் என்றார்கள். அவ்வாண்டு அவள் கருவுற்று அளத்தூரை விட்டு நகரவே இல்லை. அவளுடைய புகழ்பெற்ற துடுப்புப் பாட்டு தோணிக்காரன் ஒருவனிடம் திருடியது என்றார்கள். அந்தத் தோணிக்காரன் சாத்தன் மாறன் இன்னும் துறையில்தான் இருக்கிறான். அவன் சொன்னதை வாய்மொழி மாறாமல் எழுதுவது முறை.

"திருடுனாளா? நானே குடுத்தேன் நாயகமே. நான் பாடுனா அக்கரைக்குப் போறவன்கூட 'வாய மூடிட்டுத் துடுப்பப் போடு'ன்னுவான். அவ பாடுனா அதே ஆளு எறங்கவே மாட்டேங்கிறான். பாட்டு எங்க இருந்தா பொழைக்குமோ அங்க இருக்கட்டும்."

அந்தப் பாட்டுக்கு முன்பு ஒவ்வொரு முறையும் அவன் பெயரை அவள் சொல்லிவிட்டே பாடியதாகவும் அவன் உரைத்தான். கேட்டவர்கள் பாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

மணப்பந்தலுக்கு அருகில் பூ விற்ற காரி என்பவள், ஏமாற்றத்தைக் கண்ணால் பார்த்ததாக ஊரெங்கும் சொல்லி வந்தாள். நடுவில் திரை இருந்ததே, எதைப் பார்த்தாய் என்று அரிஞ்சிகை வினவினாள்.

"திரையத்தான் பார்த்தேன்" என்றாள் காரி. பிறகு, கோபித்துக்கொண்டவள்போல், "காது இல்லையா எனக்கு? வீட்டுல உலை வைக்கிறப்போகூட அவ பாட்டுத்தானே பாடுறேன். அவ குரலு எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கேட்டது அவ குரலே இல்ல. அவ குரலு சிரிக்கும். இது வேற எவளோ. எம் பொண்ணுமேல சத்தியமாச் சொல்றேன்" என்றாள்.

காரி பொய் சொல்லவில்லை என்பது அரிஞ்சிகைக்குப் புரிந்தது. அதுவே அவளை அதிகம் கலங்கச் செய்தது. பொய் சொல்பவரிடம் உண்மையைப் பிரித்தெடுக்கலாம். உண்மையென்று நம்பிச் சொல்பவரிடம் என்ன செய்வது?

திரைக்கு முன்னே அமர்ந்து குடமுழா வாசித்த தேவனாச்சன் வேறு விதமாகப் பேசினான். "அவதான். எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும். பந்தலே எந்திரிச்சு நின்னு கத்துறப்போ, முழவுக்காரன் பேச்சு எங்க கேக்கும்? சொன்னா மண்ணு எம்மேலயும் விழுந்திருக்கும்னு பேசாம இருந்துட்டேன். இப்பச் சொல்றேன். இப்பச் சொல்லி என்ன, அவ பல்லக்கு எரிஞ்சு போச்சே."

இவ்வளவும் கேட்ட பின்பே அரிஞ்சிகை அளத்தூருக்கு வந்து சேர்ந்தாள்.

கரையோரக் குடிலில் முதலில் எதிர்ப்பட்டவள் தங்கை நம்பிராட்டி. திரைக்குப் பின் பாடியவள் என்று ஊர் சுட்டும் பெண். வந்த காரியத்தைக் கேட்டதும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நானா பாடுனேன்? நான் பாடுனா கட்டிப்போட்ட கழுதைகூட அவுத்துக்கிட்டு ஓடும் நாயகமே. வேணும்னா இப்பப் பாடட்டுமா? கேட்டுட்டு நீங்களும் ஓடுவீங்க."

அப்படியானால் மண் அள்ளி வீசியவர்களிடம் அதை ஏன் சொல்லவில்லை என்று அரிஞ்சிகை கேட்டாள். சிரிப்பு நின்றது. வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். யாருக்கு என்று வினவியதற்கு, "ராசாவுக்கு" என்றாள்.

இனி எழுதப்படுவது தேவரீர் அறியாததன்று. அறிந்தவருக்கே எழுதுவதால் எவருடைய மறைச்செய்தியும் இதனால் வெளிப்படாது. ஆயினும் ஓலைநாயகமும் அதை அறிந்தாள் என்பதைத் தேவரீர் அறிதல் வேண்டும்.

மணநாளுக்குச் சற்று முன்னே மழலைச்சிலம்பின் குழந்தை காய்ச்சலில் இறந்தது. தகப்பனைக் காணாமலே பிறந்த பெண்குழந்தை, நடை பழகிக்கொண்டிருந்தது. பிள்ளையை இழந்த தாய் அடுத்த பிறை காணும்வரை பலர்முன் முகம் காட்டலாகாது என்பது அளத்தூரார் வழக்கு. ஆகவே தமக்கைக்காகத் தங்கை மாநகருக்கு நடந்து வந்து, ஊஞ்சல் மண்டபத்தில் தேவரீரைக் கண்டு விலக்குக் கேட்டாள். தேவரீர் குழந்தைக்காக வருந்துவதாக அருளினீர் என்றும், அயல்நாட்டார் கூடும் மணத்தில் நாடறிகுரல் இல்லாதிருத்தல் குறையாகும் என்றும், அளத்தூர் வழக்கும் கெடாமல் திரையின் பின் நின்று பாடலாம் என்றும், மணப்பந்தலில் இறப்புச் செய்தி புகலாகாது ஆதலால் காரணத்தை எவரிடமும் உரைக்க வேண்டா என்றும் பணித்தீர் என்றும் அவள் கூறினாள். அவள் தலையசைத்து வந்தாள். அந்தத் தலையசைப்பை, பல்லக்கு எரிந்தபோதும் காத்தாள்.

இளையபிராட்டியாரின் மணத்தில் மழலைச்சிலம்பு பாடிய முதற்பாட்டுகளைப் பற்றி எவரும் குறை கூறவில்லை. குறை கடைசிப் பாட்டில்தான். நம் நாட்டில் மணப்பந்தலின் கடைசிப் பாட்டு தாலாட்டாக இருக்க வேண்டும். மணமகளின் மடி நிறைய வேண்டுமென்று வெறுந்தொட்டிலை ஆட்டியபடி பாடுவது. திருமண முறைகளை வகுத்தவர்கள் மணமகளை நினைத்தார்கள், பாடுகிறவளை நினைக்கவில்லை. தேவரீரும் நினைக்கவில்லை போலும். திரை போட்டால் முகம் மறையும் என்பது தோன்றியது. அவள் என்ன பாட வேண்டியிருக்கும் என்பது தோன்றவில்லை.

தொட்டில் அசைந்தது. அவள் தொடங்கினாள். அந்தக் குரல் வேறாக இருந்தது என்று பந்தல் முழுவதும் சொல்வது பொய்யன்று. இரண்டாவது அடியில் உடைந்து, மூன்றாவதில் நின்றது. இது அவள் இல்லை என்று யாரோ முதலில் கத்தினார்கள். அவ்வளவுதான்.

அளத்தூர்க் கரையில் அமர்ந்து அரிஞ்சிகை இதைத் தனக்குள் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாள். சமையற்கட்டிலும் படித்துறையிலும் அந்தக் குரலைக் கூடவே வைத்துக்கொண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். உறவுக்காரியின் குரலைவிட நன்றாகத் தெரியும் அவர்களுக்கு. ஆனால் அவர்கள் அறிந்தது தங்களுக்காகச் சிரித்த குரலை. அவள் தனக்காக ஒரு முறை அழுதாள். அதை அன்னியமென்று துரத்தினார்கள். நாம் நேசிப்பவரை எவ்வளவு தூரம் அறிந்திருக்கிறோம் என்று எண்ணியபோது அரிஞ்சிகைக்கு ஊரின்மேல் கோபம் வரவில்லை; ஒருவகை அச்சமே வந்தது.

மழலைச்சிலம்பு மாலையில் அளத்திலிருந்து திரும்பினாள். மற்றப் பெண்களைப்போல் உப்பு வாருகிறாள். மெலிந்திருக்கிறாள். தேவரீரின் முதல் விருப்பத்தை அரிஞ்சிகை எடுத்துரைத்தாள். அவைக்கு வந்தால் பல்லக்கும் பட்டமும் திரும்பும் என்றும் சொன்னாள். அவள் கால்களைக் கழுவியபடியே கேட்டாள்.

"நான்தான்னு காட்டுறதுக்கு ஒரு பாட்டா? வேண்டாம் நாயகமே. குரலு போகல. இருக்கு. உள்ளதான் இருக்கு. வெளிய வரச் சொல்லி நான் கூப்பிடல."

குழந்தையின் இறப்பைக் கல்லில் பொறித்தால் பழி நீங்கும் என்று அரிஞ்சிகை கூறினாள். கூறும்போதே, தானும் அவளிடம் இன்னொன்றைக் கேட்பதை உணர்ந்தாள்.

"எழுதாதீங்க தாயி. மீன் விக்கிற எடத்துல நிக்கிது அந்தக் கல்லு. போறவ வர்றவ எல்லாம் கூடையை எறக்கி வச்சுட்டுப் படிச்சு, 'அடப் பாவமே'ன்னு உச்சுக் கொட்டுறதுக்கா எம் புள்ள பொறந்தா? அவளையாச்சும் எனக்கே விட்டுருங்க. என்னைக் கள்ளின்னு எழுதினாலும் பரவாயில்ல."

அதன் பிறகு அரிஞ்சிகைக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

தேவரீர் ஏன் அந்த வரியைக் கேட்கிறீர் என்பதும் அரிஞ்சிகைக்கு விளங்காமல் இல்லை. துக்கம் காக்கும் தாயைத் தாலாட்டுப் பாடவைத்தது வெளிப்பட்டால், அது இளையபிராட்டியாரின் மடிக்கு ஆகாது என்று புகுந்த நாட்டார் சொல்லக்கூடும். நாளை ஒரு குறை நேர்ந்தால் இதையே காட்டக்கூடும். ஏமாற்றுக்காரி ஒருத்தி பாடினாள் என்பது அதைவிட எளிய குறை. மகளைக் காக்க நினைக்கும் தகப்பனின் மனத்தை அரிஞ்சிகை இகழவில்லை. ஆனால் ஒரு மகளைக் காக்க இன்னொருத்தியின் மகள் இறந்ததை மறைத்துத் தாழிட்டு, அந்தத் தாழை அந்தத் தாயின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிடுவதற்கு ஓலைநாயகத்தின் எழுத்து உதவாது.

ஆகவே கல்லில் ஏறத்தக்கது என்று அரிஞ்சிகை எழுத்திட்டு அனுப்புவது இதுவே: "அளத்தூரில் பிறந்த மழலைச்சிலம்பு, நாடறிகுரல் என்னும் பட்டம் பெற்றவள். துடுப்புப் பாட்டு தோணிக்காரன் சாத்தன் மாறன் கொடுத்தது. இளையபிராட்டியார் மணப்பந்தலில் திரைக்குப் பின் நின்று தாலாட்டுப் பாடியவள் இவளே, குரல் இவளுடையதே. அந்தப் பாட்டு முடியவில்லை." திரை ஏன் என்பது இதில் இல்லை. தாய் கேட்டதும் காக்கப்பட்டது. தேவரீர் அஞ்சியதும் இதனால் வெளிப்படாது. இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கலாகாது, இதில் ஒரு சொல்லும் குறைக்கலாகாது என்று கல்தச்சர்க்குத் தனியே கட்டளை போயிருக்கிறது. ஓலைநாயகத்தின் எழுத்தின்றி அந்தக் கல்லில் உளி படுவதில்லை என்பதைத் தேவரீரின் முன்னோரே விதித்தார்கள்.

வேறொருவரை ஓலைநாயகமாக அமர்த்துவது தேவரீரின் உரிமை. அதற்குத் தடையாக அரிஞ்சிகை ஒரு சொல்லும் சொல்லாள்.

கோல் கோடாதிருக்க. குடி அழாதிருக்க. இவை ஓலைநாயகம் பூதி அரிஞ்சிகை எழுத்து. சுறாமீன் பொறித்த முத்திரை இட்டு, அளத்தூர்த் தோணியில் விடுக்கப்பட்டது.

தேவரீர் கேட்ட வரி இவ்வோலையில் இல்லை. அது மறந்து விடுபட்டதன்று.