வாய்க்குள் ஒரு கிரீடம்

ஜூலை 4, வெள்ளி

கடைவாய்ப் பல்லுக்கு கேப் மாட்டியாச்சு. மற்ற ராணிகளுக்குக் கிரீடம் தலையில், எனக்கு வாயில். பாதி முகம் மரத்துக் கிடந்தது. டாக்டர் பல்லுக்கு நடுவில், எங்கே முட்டுகிறது என்று பொட்டு வைத்துக் காட்டும் நீலத் தாளை வைத்து, "எப்பவும் கடிக்கிற மாதிரி கடிம்மா" என்றார். நான் தாடையை மறுபக்கம் கோணிக்கொண்டு, ஒட்டகம் அசைபோடுவதுபோல் கடித்தேன். நர்ஸ் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உயரமா இருக்கா?"

"சூப்பர் டாக்டர்!"

கேப்பை அப்படியே ஒட்டிவிட்டார்.

ஜூலை 5

வாயை மூடினால் கேப்தான் முதலில் முட்டுகிறது. மற்ற பற்களெல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன.

ஜூலை 7

காது வரைக்கும் வலி. அம்மாவிடம் சொன்னேன். "கணக்குப் பரீட்சை அன்னைக்குக் கன்னத்துல பஞ்சை அடைச்சுக்கிட்டு நின்னவதானே நீ?"

அன்றைக்கு நான் ஏன் அவ்வளவு நன்றாக நடித்துத் தொலைத்தேன்?

ஜூலை 9, புதன்

சனிக்கிழமை ஆண்டு விழா. நாடகத்தில் நான் தலைமையாசிரியை குரலில் பேச வேண்டும், அதற்கு வாயை அகலமாகத் திறக்க வேண்டும். ஒத்திகையில் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. "வெள்ளிக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்" — நாடக டீச்சர். ஒரு வருஷமா காத்திருந்த மேடை! நிஜமாவே வலிக்குது, ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க...

சாப்பிடும்போது அக்கா, "என்னடி குரங்கு, மூஞ்சி உப்பியிருக்கு?" என்றாள். பேசாமல் இருந்தேன். மறுபடி சீண்டினாள். அப்போதும் பேசவில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா! இவ திருப்பிப் பேசலம்மா. என்னமோ ஆயிடுச்சு."

அம்மா உடனே டாக்டருக்கு போன் போட்டாள்.

ஜூலை 10

டாக்டரிடம் ஒட்டகத்தை ஒப்புக்கொண்டேன். டாக்டர் முறைத்தார். பிறகு மீசைக்குள் சிரித்தார். "கேப் உன் ஒட்டகத்துக்கு அம்சமாப் பொருந்திருக்கு. உனக்குத்தான் பொருந்தல."

இந்த முறை மரப்பு ஊசி இல்லை. ஒழுங்காகக் கடித்தேன் — நான்! கேப் மேல் பெரிய நீலப் பொட்டு. அங்கே தேய்த்தார். கடி, தேய், கடி, தேய். கடைசியில் எல்லாப் பற்களும் ஒன்றாகச் சந்தித்தன. எத்தனை நாளாச்சு!

ஜூலை 11

மூன்று விரல்! டீச்சரிடம் காட்டினேன். வேறு ஆள் இல்லை, நானேதான்.

ஜூலை 12, சனி

தலைமையாசிரியை முதல் வரிசையில் இருந்து கைதட்டினார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "நான் அப்படியா பேசறேன்?" என்றார். அவர் குரலிலேயே, "ஆமா மேடம்" என்றேன். தப்பித்தேன், சிரித்துவிட்டார்.

வீட்டில் முழு ஆப்பிள். கேப் பக்கமாகவே கடித்தேன். அக்கா பாதி கேட்டாள்.

"குரங்கு கையில இருந்து பிடுங்கித்தான் பாரேன்" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, "அப்பாடா!" என்றாள்.