எட்டு நாள் பெயிண்டரும் இடது கதவும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு இரத்தக் கொதிப்பைத் தவிர வேறு குறையில்லை. அந்தக் கொதிப்புக்குக் காரணம் நீ. அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அக்கா வீட்டில் எல்லோரும் நலம், சின்னவளுக்குப் பல் முளைத்து, கண்டதையெல்லாம் கடிக்கிறாள். போனில் பேசினால் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு எழுந்திரு.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்க நினைத்தாயே, நல்ல மனசு, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதலில் வந்து பார்த்த பெயிண்டர் பெரியவர் என்ன சொன்னார்? இது இரும்பு இல்லை, ஃபைபர் உடம்பு, பழைய பெயிண்டைக் கையால்தான் தேய்த்து எடுக்கவேண்டும், முடி மாதிரி ஓடியிருக்கிற விரிசலையெல்லாம் கீறி, கண்ணாடி நாரும் பசையும் வைத்து அடைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, அப்புறம்தான் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்கும் அப்புறம்தான் நிறம், மூன்று மாதம் ஆகும் என்றார். கேட்கிற கூலியில் முக்கால்வாசி தேய்க்கிற கைக்குத்தான், பெயிண்டுக்கு இல்லை என்றும் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்ன தொகை அப்பா அந்தக் காரை வாங்கிய விலையைப் போல நாலு மடங்கு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக "பகல் கொள்ளைம்மா" என்று அவரைக் கழற்றிவிட்டு, அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, போனிலேயே பாதி விலைக்கு, எட்டே நாளில் முடிக்கிறேன் என்றவனைப் பிடித்தாயே, உன் சாமர்த்தியத்தை எங்கே போய்ச் சொல்ல!

வந்த அன்றைக்கே அவன் லட்சணம் தெரிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தான், விழுந்தது. பானெட்டில் வைத்தான், விழுந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அப்பாவைப் பாவமாகப் பார்த்து, "சார், உங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க, இரும்பே தெரியாம வண்டி முழுக்கப் பட்டி பூசி வச்சிருக்கான்" என்றான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஃபைபரில் காந்தம் ஒட்டாது என்றுகூடத் தெரியாதவனிடமா ஃபைபர் காரைக் கொடுப்பது? உடனே உனக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றாய்.

மூன்றாம் நாள் காலையில் சமையலறையில் நின்ற என் மூக்கில் சுள்ளென்று ஏறியது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு அந்த நெடி தெரியாதா? ஓடிப்போய்ப் பார்த்தால், இரும்பு கேட்டில் பெயிண்ட் உரிக்கிற மருந்தை இடது கதவில் அள்ளிப் பூசியிருக்கிறான். அது பெயிண்டோடு நிற்காதுப்பா, கதவையே தின்றுவிடும் என்று கத்தினேன். "பெயிண்டுன்னா பெயிண்டுதாம்மா" என்றான் அந்த மகராசன். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்குள் கதவு கொப்பளித்து, உள்ளே இருக்கிற நார் பல்லிளிக்கிறது. நீ அனுப்பிய முன்பணத்தோடு அன்றைக்குப் போனவன்தான், இன்னும் ஆளைக் காணோம்.

நானே பெரியவர் கடைக்குப் போய், உன் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, முழு வேலையும் செய்து தருகிறேன் என்றார். உன் அப்பாதான் மறுத்துவிட்டார். "பிள்ள காசு ஏற்கனவே வீணாப்போச்சு, தேய்க்கிற வேலைய நானே பாத்துக்கறேன், கதவும் பெயிண்டும் மட்டும் நீங்க பாருங்க" என்கிறார். யார் தேய்ப்பது? போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்! உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இதோ மீறிவிட்டேன். தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். இவரானால் முகமூடி போட்டிருக்கிறேன், தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறேன், தூசி எங்கே பறக்கிறது என்று என்னிடமே சட்டம் பேசுகிறார். கையெல்லாம் அரிப்பு, சாப்பிட உட்கார்ந்தால் இருமல். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. கோபத்தில் எழுதுகிறேனே தவிர, உள்ளே பயம்தான்.

பானெட், கூரை, வலது பக்கம் எல்லாம் முடித்துவிட்டார். இடது பக்கத்தை மட்டும் ஒரு வாரமாகத் தொடவே இல்லை. அப்பாடா, களைத்துவிட்டார், இனி ஆள் வைக்கலாம் என்று சந்தோஷப்பட்டுக் கேட்டேன். "அது நம்ம பிள்ளைக்கு வச்சிருக்கேன். கோபத்துல சொல்லல. பெயிண்டு யார் வேணாலும் அடிப்பாங்க. எனக்கு அவன் பக்கத்துல ரெண்டு வாரம் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீயே வந்து சொல். பணம் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பிவிடுவேன். லீவு போடு. பழைய சட்டை இரண்டு எடுத்துக்கொள், அந்தத் தூள் துவைத்தாலும் போகாது.

மருமகளுக்கும் உனக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். ஐந்து வருஷமாக நீ வராததற்கு அவர் ஒரு நாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன், தினமும்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா