ஐம்பதாவது இலை

அடி அண்ணாமலை

அன்புள்ள அத்தைக்கு, ஆதிலட்சுமி வணங்கி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நலம். உங்கள் முட்டிவலி எப்படி? சிந்துஜா அம்மாவைத் தேடாமல் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் கணக்கு எழுதும் அன்னதானக் கூடத்துக்கு டவுன் அறக்கட்டளைதான் பணம் தருகிறது. தினமும் ஆதரவற்றவர்கள் ஐம்பது பேராவது சாப்பிட வேண்டுமாம். சாப்பிடுகிறவர்களை எண்ணினால் கண் படுமென்று நான் எச்சில் இலைகளை எண்ணி எழுதினேன். சிலதை மாடு தின்றுவிட்டதில் கணக்கு குறைந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

நேற்று அறக்கட்டளை அம்மா அருணாதேவியே வந்து பந்தியை எண்ணினார். நாற்பத்தொன்பதுதான்.

"நீங்க எங்கம்மா சாப்பிடறீங்க?"

"கடைசியா இங்கயேதாங்க."

"வீட்டுக்காரர்?"

"தவறிட்டாருங்க."

"அப்ப உங்களையும் சேர்த்துக்கலாம். ஐம்பது ஆயிடுச்சு, உட்காருங்க."

உட்கார்ந்தேன். பணம் வந்துவிடும், அடுப்பும் என் சம்பளமும் நிற்காது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாம்பாரில் உப்பு கம்மி.

பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம் சிந்துஜாவின் போட்டோ ஒன்று கொடுத்தனுப்புங்கள். பெயர் வெட்டிய என் சாப்பாட்டுத் தட்டைக் கேட்டிருந்தேனே, அது வேண்டாம். பந்திக்கு மணி அடித்துவிட்டார்கள். எனக்கும் இலை போட்டிருப்பார்கள்.

உங்கள் மருமகள்,
ஆதிலட்சுமி